பல்லாங்குழியில் ஏழு ரேடியோக்காரிகள்

இருபத்திரண்டு வயதில் எனக்கு ஒரே ஒரு லட்சியம் இருந்தது. என் கீழே வேலை செய்கிறவர்கள் காலையில் சிரித்துக்கொண்டே உள்ளே வர வேண்டும். என் கீழே வேலை செய்தவர்கள் மொத்தம் ஏழு பேர். ஏழு பேரும் பெண்கள், ஏழு பேரும் என்னைவிட மூத்தவர்கள். அவர்கள் ஏற்கனவே சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள் என்பதும், அந்தச் சிரிப்புக்குப் பாதிக் காரணம் நான்தான் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

இடம் அடையாறு. முதலாளியின் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதற்குள் நீளமாக ஒரு மேஜை, ஏழு ஸ்டூல், ஏழு சால்டரிங் அயர்ன், தலைக்கு மேலே ஒரே ஒரு ஃபேன். அங்கேதான் டிரான்சிஸ்டர் ரேடியோ செய்தோம். பெண்கள் சின்னச் சின்னப் பாகங்களைப் போர்டில் செருகி ஈயம் வைப்பார்கள். கோடியில் தனி மேஜையில் பௌதிகம் படித்த நான் உட்கார்ந்து, முடிந்த போர்டைப் பெட்டியில் மாட்டி, பாட்டரி போட்டு, மீட்டரால் அளந்து, பென்சிலால் தட்டி, பாடுகிறதா என்று பார்ப்பேன். பாடினால் பாண்டி பஜாரில் இருந்த முதலாளியின் கடைக்குப் போகும். பாடாவிட்டால் செய்தவளிடமே திரும்பிப் போகும்.

எங்களுக்கு ஒரே பகைவன் இருந்தான். ஈயம் பிடித்தது போலப் பளபளவென்று இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. பெட்டியைத் தட்டினால் பாட்டு நின்றுவிடும். கொட்டகையில் இதற்குப் பொய்ப்பல் என்று பெயர். பொய்ப்பல் என் மேஜையைத் தாண்டிக் கடைக்குப் போய்விட்டால், யாரோ ஒருவர் வீட்டில் செய்தி வாசிக்கும்போது பாதியில் அறுந்து, ரேடியோ கடைக்குத் திரும்பும். பிறகு முதலாளியே கொட்டகைக்கு வருவார்.

முதலாளிக்குத் தெற்கத்திச் சீமை. கோபம் வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார், துண்டால் கழுத்தைத் துடைப்பார். நான் சேர்ந்த இரண்டாவது மாதமே நிறையத் துடைத்தார். திரும்பி வந்த பெட்டிகளை வரிசையாக அடுக்கிவைத்து, இதற்கு நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். யோசனை என் பாக்கெட்டிலேயே இருந்தது.

நூலகத்தில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன். வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் வேலைக்காரர்களைத் திட்டுவதில்லையாம், விளையாட்டு மாதிரி போட்டி வைக்கிறார்களாம். நன்றாகச் செய்தவர் பெயருக்கு நேராகத் தங்க நட்சத்திரம் ஒட்டுகிறார்களாம். அன்று மாலையே தியாகராய நகருக்கு சைக்கிளை விட்டு ஜிகினாத் தாள் வாங்கி, வீட்டில் உட்கார்ந்து கத்தரித்து, சுவரில் ஒரு பெரிய அட்டை மாட்டினேன். மூன்றாம் நாள் அட்டையில் ஒட்டிய நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. விசாரித்தேன். ஊரூர்க் குப்பத்திலிருந்து வரும் அக்காதான் பதில் சொன்னாள். அந்த மேஜைக்கு அவள்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, ஆனாலும் அவள்தான்.

“ஜிகினா ஒட்னா ரேடியோ பாடுமா சார்? எங்க பாப்பா நெத்தில ஒட்னேன், சூப்பரா கீது.”

மற்ற ஆறு பேரும் குனிந்து வேலை செய்தார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

தோல்வியை ஒப்புக்கொள்கிற வயதா அது? மந்தைவெளியில் எங்கள் வீட்டுப் பரணில் என் அக்காவின் பல்லாங்குழி தூசி படிந்து கிடந்தது. மடக்கி வைக்கிற மரப்பலகை. பிரித்தால் இந்தப் பக்கம் ஏழு குழி, அந்தப் பக்கம் ஏழு குழி. ஏழு! எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. என் கையில் ஏழு பேர். இறைவனே பார்த்துச் செய்து கொடுத்த பலகை மாதிரி இருந்தது. இத்தனைக்கும் எனக்குப் பல்லாங்குழி ஆடத் தெரியாது. அது பெண்பிள்ளைகள் விளையாட்டு என்று சின்ன வயதில் ஒதுங்கியிருந்தேன்.

திங்கட்கிழமை பலகையைக் கொட்டகை ஜன்னல் மேடையில் விரித்துவைத்து விதிகளைச் சொன்னேன். இந்தப் பக்கம் ஆளுக்கொரு குழி. ஒரு போர்டு என் மேஜையில் பாடிவிட்டால் அவள் குழியில் ஒரு சோழி. திரும்பிவிட்டால் எதிர்ப் பக்கத்துக் குழியில் ஒரு குன்றிமணி, சிவப்பாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. சனிக்கிழமை மாலை எண்ணுவோம். அதிகச் சோழி யாருக்கோ அவளுக்கு அடுத்த வாரம் முழுக்க ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் ஸ்டூல். கூடவே, என் மேஜையில் பாடும் ரேடியோ இலங்கையைப் பிடிக்க வேண்டுமா சென்னையைப் பிடிக்க வேண்டுமா என்று சொல்லும் அதிகாரம்.

நட்சத்திரத்துக்குச் சிரித்தவர்கள் ஃபேனுக்குச் சிரிக்கவில்லை. சித்திரை மாதம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

முதல் வாரம் ஊரூர் அக்கா ஜெயித்து, ராணி மாதிரி ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். மறு வாரம் அவள் கடைசிக்கு முந்தின இடம். காரணம் புரிய எனக்கு, பௌதிகம் படித்த எனக்கு, இரண்டு வாரம் பிடித்தது. ஃபேன் காற்றில் சால்டரிங் அயர்ன் சூடு ஆறிவிடும், ஈயம் சட்டென்று உருகாது. ஜெயித்தவள் சுகமாகக் காற்று வாங்கிக்கொண்டு மெதுவாக வேலை செய்வாள், தோற்றவர்கள் வேர்த்து விறுவிறுத்து முந்திவிடுவார்கள். அதனால் ஃபேன் ஸ்டூல் வாரத்துக்கு ஒருத்தியாக மேஜையைச் சுற்றி வந்தது. எல்லோருக்கும் வாய்ப்பு வர வேண்டும் என்றே அப்படி அமைத்தேன் என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டேன்.

எது எப்படியோ, குன்றிமணிகள் குறைந்தன. ஒரு நாளைக்கு ஏழெட்டுச் சிவப்பு விழுந்த இடத்தில் ஒன்று, இரண்டு, சில நாள் ஒன்றுமே இல்லை. கடையிலிருந்து திரும்பும் பெட்டிகளும் நின்றன. நான் தரைக்கு ஓரடி மேலே நடந்துகொண்டிருந்தேன். கபாலி கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து நண்பர்களுக்குத் தொழில் நிர்வாகம் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினேன். ஒருவன் எழுந்து போய்ச் சுண்டல் வாங்கிவந்தான். நான் அதையும் கவனிக்காமல் பேசினேன்.

ஒரே ஒரு குழிதான் உறுத்தியது.

அது மயிலாப்பூர் மாமியின் குழி. மாமி என்று எல்லோரும் கூப்பிட்டாலும் வயது முப்பத்து மூன்றோ நான்கோதான். தெற்கு மாட வீதிப் பக்கம் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி வேலை கேட்டு வந்த ஒரே ஆள் அவள்தான். அதனாலேயே முதலாளியிடம் வாதாடி மூன்று மாதப் பரீட்சார்த்தத்தில் சேர்த்திருந்தேன். மற்ற ஆறு பேரும் நிரந்தரம். மாமிக்கு அந்த மாதக் கடைசியோடு தவணை முடிகிறது.

வேலை அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு நாள் டீ வந்தபோது சொல்லியிருந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு டீயைக் குடித்தாள், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாமே என்றேன்.

“பன்னெண்டு வருஷமா அண்ணா ஆத்துல எல்லாருக்கும் காபி கலந்துண்டிருக்கேன். இங்கதான் வேற யாரோ கலந்து எனக்குக் குடுக்கறா. நன்னாவே இல்லை. ஆனா விட மாட்டேன்.”

மற்றவர்கள் வாரத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று சோழி சேர்க்கும்போது மாமியின் குழியில் ஏழு, மிஞ்சினால் எட்டு. குன்றிமணி ஒன்றுகூட விழுந்ததில்லை, உண்மைதான். ஆனால் என் விளையாட்டில் ஜெயிப்பது சோழியை வைத்து. விதி எழுதிய மகானுபாவன் நான்.

மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதலாளி கொட்டகைக்கு வந்து பலகையைப் பார்த்துவிட்டார். சின்ன வயதில் அக்கா தங்கைகளோடு ஆடியிருப்பார் போல. முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொரு குழியாக விரலை விட்டுத் துழாவி, இது யாருடையது, இது யாருடையது என்று கேட்டுக்கொண்டே வந்தவர் மாமியின் குழியில் நின்றார்.

“தம்பி, இந்தப் பலக பொய் சொல்லாதுன்னு நீதானே சொன்ன?”

சொன்னேன்தான், போன வாரம்தான் சொன்னேன். தலையாட்டினேன்.

“அப்ப எனக்கு வேல மிச்சம். வர்ற சனிக்கிழம வந்து பாக்கேன். எந்தக் குழியில கொறச்சலோ, அந்த ஆளு வேண்டாம். மாமிக்கும் தவண முடியுதில்லா?”

சத்தமில்லாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். ஏழு பேரும் கேட்டிருந்தார்கள். மாமி அயர்னை ஈரப் பஞ்சில் துடைத்தாள். அது சீறியது. பிறகு அடுத்த போர்டை எடுத்தாள்.

அந்த வாரம் நான் செய்த காரியங்களைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. முதலில் மாமியிடம் வேகமாகச் செய்யச் சொன்னேன். வேகமாகச் செய்து விரலைச் சுட்டுக்கொண்டாள். பிறகு மற்றவர்களுக்கு வேகத்தைக் குறைக்கும் வழி தேடினேன். பாகங்களை மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். ஊரூர் அக்கா நேராக அலமாரியைத் திறந்து அவளே எடுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை எல்லோரும் போன பிறகு மாமியின் குழியில் மூன்று சோழி சேர்த்துப் போட்டேன். புதன்கிழமை காலை அந்த மூன்றும் என் மேஜையில், மீட்டருக்குப் பக்கத்தில், வரிசையாக இருந்தன. மாமி என்னைப் பார்க்காமலே, எண்ணிக்கை தெரியாத ஆள் இல்லை நான் என்று மட்டும் சொன்னாள்.

அன்று மத்தியானம் கொட்டகையில் புதிதாக ஒரு சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரத்தில் நான் வெளியே வேப்பமரத்தடியில் சாப்பிடுவது வழக்கம். பெண்கள் உள்ளே இருப்பார்கள், நான் போவதில்லை. உள்ளேயிருந்து ‘டக் டக் டக்’ என்று விழுகிற சத்தமும் நடுநடுவே ஒரு கூச்சலும் வந்தன. எட்டிப் பார்த்தேன். தரையில் சாக்குக்கட்டியால் பதினான்கு வட்டம் போட்டிருந்தார்கள். வட்டங்களில் புளியங்கொட்டை. ஒரு பக்கம் ஊரூர் அக்கா, எதிர்ப் பக்கம் மாமி, சுற்றி ஐந்து பேர்.

அக்காவுக்குப் பலகையைப் பார்த்த நாளிலிருந்தே கை அரித்துக்கொண்டிருந்ததாம். ஆடுகிற பலகையில் கணக்கு எழுதி வைத்திருக்கிறானே இந்த ஆள் என்று. இப்போது ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். ஆட்டத்தில் தோற்கிறவள் ஜன்னல் மேடையில் இருக்கும் தன் குழியிலிருந்து ஒரு சோழியை எடுத்து ஜெயித்தவள் குழியில் போட்டுவிட வேண்டும்.

மாமி ஆடுவதை அன்றுதான் பார்த்தேன். ஒரு வட்டத்தை வழித்துப் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனாள். முடிந்த இடத்திலிருந்து மறுபடி எடுத்தாள், மறுபடி போட்டாள். கை போட்டுக்கொண்டிருக்க, கண் நாலு வட்டம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. எங்கே காலி வட்டம் வரும், அதைத் துடைத்தால் அடுத்ததில் எத்தனை கிடைக்கும் என்பதெல்லாம் கையில் எடுக்கும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. அண்ணன் பிள்ளைகளோடு பன்னிரண்டு வருஷத்து மத்தியானங்கள் ஆடிய ஆட்டம். நான்கு கொட்டை சேர்ந்த வட்டத்துக்குப் பசு என்று பெயராம். எதிராளி அக்கம்பக்கம் பார்ப்பதற்குள் மாமி பசுவை ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். அக்கா பத்து நிமிஷத்தில் தோற்று, முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோய் ஒரு சோழியை இடம் மாற்றினாள். அடுத்தவள் உட்கார்ந்தாள். அவளும் தோற்றாள்.

வியாழன், வெள்ளியும் இதே கதை. மாமியின் குழி நிரம்பிக் குவியலாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம், கூடவே ஒரு சந்தேகம். தனியாக அக்காவைப் பிடித்து, மாமிக்காக எல்லோரும் வேண்டுமென்றே தோற்கிறீர்களா என்று கேட்டேன்.

“தோத்துக் குடுக்கற அளவுக்கு நான் நல்லவ இல்ல சார். அது கையி இன்னா கையி தெரியுமா? நேத்து வூட்ல போய் எங்க வூட்டுக்காரரோட ஆடிப் பழகிக்கினு வந்தேன். அப்பியும் போச்சு.”

மாமியிடமும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நான் போட்ட மூன்று சோழியைத் திருப்பிக் கொடுத்த ஆள், இதை மட்டும் எப்படி வைத்துக்கொள்கிறாள்?

“அது நீங்க போட்டது. இது நான் ஜெயிச்சது” என்றாள்.

சனிக்கிழமை மாலை முதலாளி வந்தார். பலகைக்கு முன்னால் நின்றார். மாமியின் குழியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இதெல்லாம் வேலை செய்து வந்த சோழியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாக்கு அதுவாகவே சொல்லிவிட்டது. அவர் குழியை வழித்து எண்ணினார். பத்தொன்பது. ஆறு நாளில் பத்தொன்பது போர்டு அந்தக் கொட்டகையில் பிரம்மா வந்தாலும் செய்ய முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். துண்டு கழுத்துக்குப் போனது.

அப்போது மாமியே எழுந்து நின்றாள். எட்டு என்னுது, மீதி பதினொண்ணு மத்தியானத்துல ஆடி ஜெயிச்சது என்று நிதானமாகச் சொன்னாள்.

முதலாளி முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை, சின்னப் பையனின் ஆசை வந்தது. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, சாக்குக்கட்டி வட்டங்களுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எங்க, ஆடுங்கம்மா பாப்போம் என்றார். மாமி எதிரே உட்கார்ந்தாள். சரியாகக் கால் மணி நேரம். நடுவில் ஒருமுறை அவர் கொட்டையைத் தப்பான வட்டத்தில் போடப் பார்க்க, ஊரூர் அக்கா முதலாளி என்றும் பாராமல் கையைத் தட்டிவிட்டாள். கடைசியில் அவர் பக்கத்தில் ஏழு வட்டமும் துடைத்த மாதிரி இருந்தன. வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் நடத்துதது ரேடியோ கம்பெனி, தாயி. எட்டுதானே ஒங்க வேல?”

மாமி தலையாட்டினாள். ஊரூர் அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

“எட்டுத்தான். ஏன் எட்டுன்னு கேளு நைனா. நாங்க ஆறு பேரும் போர்டு முடிச்சா நேரா சார் டேபிளுக்கா எத்துனு போறோம்? மொதல்ல மாமிகிட்ட காட்டுவோம். அது ஒரு பார்வ பார்க்கும், இங்க பொய்ப்பல்லு, அங்க பொய்ப்பல்லுன்னு தொட்டுக் காட்டும். சரி பண்ணிக்கினுதான் சார்கிட்ட தருவோம். அது பாதி நாளு எங்க போர்டப் பார்த்துக்கினு கீது. அப்பால அதுக்கு எப்டி சோழி வியும்?”

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். பலகை வைத்த மறு வாரத்திலிருந்து என்றாள். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி சிவப்பு முத்து போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அதாவது, குன்றிமணி குறைந்ததற்குக் காரணம் ஃபேன் இல்லை, சோழி இல்லை, குளத்துப் படியில் நான் ஆற்றிய சொற்பொழிவுகளின் நாயகனும் இல்லை. ஐந்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு இரண்டு மாதமாக நான் இதைப் பார்க்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி உடனே நம்பிவிடவில்லை. ஒருவரை ஒருவர் காப்பாற்றப் பேசுகிறார்கள் என்று நினைத்தார். அப்போதுதான் என் மூளை அந்த மாதத்திலேயே உருப்படியான ஒரு வேலை செய்தது. கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்களே, ஒன்றை மட்டும் விலக்கிவிட்டு என்ன மாறுகிறது என்று பார் என்று. திங்கட்கிழமை ஒரு நாள் மாமியை முதலாளி வீட்டு வராந்தாவில் தனியாக உட்கார வைப்போம், யாரும் அவளிடம் எதையும் காட்டக் கூடாது, சாயங்காலம் குன்றிமணியை எண்ணுவோம் என்றேன். வேணும்னே கெடுத்து வச்சா என்று முதலாளி கேட்டார். ஊரூர் அக்காவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. அவள் கணக்கில் சிவப்பு விழ அவளே சம்மதிப்பாளா, அவ்வளவு மானங்கெட்டவளா என்று கேட்டாள். முதலாளி இரண்டு கையையும் தூக்கி, சரி, திங்கட்கிழமை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாமி அன்று என்ன செய்தாள் என்று தெரியாது. எல்லோருக்கும் காபி கலந்திருப்பாள்.

திங்கட்கிழமை மேஜையில் ஆறு பேரும் பரீட்சை எழுதுகிற மாதிரி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு போர்டையும் மூக்குக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, வராந்தாப் பக்கம் ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்துவிட்டு, என்னிடம் கொண்டுவந்தார்கள். முதலாளி என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பாட்டரி போட்டுப் பென்சிலால் தட்டினேன். பாட்டு நின்றது. ஒரு குன்றிமணி. அடுத்தது பாடியது. அடுத்தது நின்றது. ஊரூர் அக்காவுக்கே இரண்டு விழுந்தன. இரண்டாவது விழுந்தபோது அவள் கண் கலங்கியது, நடிப்பில்லை. சாயங்காலம் எதிர்ப் பக்கக் குழிகளில் மொத்தம் ஒன்பது சிவப்பு.

மாமி வராந்தாவிலிருந்து மூன்று போர்டு கொண்டுவந்தாள். வழக்கமாக ஒரு நாளைக்கு ஒன்றுதான், சில நாள் இரண்டு. இரண்டை என் முன்னால் வைத்தாள். மூன்றாவதைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

“இதுல எனக்குச் சந்தேகமா இருக்கு. நேரம் ஆயிடுத்து, பாத்துண்டிருக்க முடியலை.”

முதல் இரண்டும் பாடின. மூன்றாவதை மாட்டினேன். பாடியது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், எல்லாம் சரி. பென்சிலால் தட்டினேன், பாடியது. மறுபடி தட்டினேன், பாடியது. நல்ல போர்டைச் சந்தேகம் என்கிறாளே, முதலாளி என்ன நினைப்பார்? இது நல்லாத்தான் இருக்கு மாமி என்றேன். முதலாளி கையை நீட்டிப் பெட்டியை வாங்கி, காதருகே வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். பாட்டு அறுந்தது.

அவர் பெட்டியை மேஜையில் வைத்தார். பிறகு என் தோளைத் தொட்டார்.

“தம்பி, எந்திரி.”

எழுந்தேன்.

“அம்மா, நீங்க இங்கன உக்காருங்க. நாளையிலேருந்து இதுதான் ஒங்க எடம். தவண கிவணயெல்லாம் முடிஞ்சுபோச்சு.”

என் மேஜை, என் மீட்டர், என் பென்சில். மாமி உட்காரவில்லை, என்னைப் பார்த்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஊரூர் அக்கா அவள் இரண்டு தோளையும் பிடித்து அழுத்தி உட்காரவைத்துவிட்டாள். அப்போ நான் என்று முதலாளியிடம் கேட்டேன். உனக்குத்தான் வாய் இருக்கே என்றார். அடுத்த நாளிலிருந்து நான் சைக்கிள் கேரியரில் இரண்டு ரேடியோவைக் கட்டிக்கொண்டு மயிலாப்பூர், ராயப்பேட்டை, சைதாப்பேட்டை என்று கடை கடையாக ஆர்டர் பிடிக்கப் போனேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கடைக்காரர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பேசிக்கொண்டே இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை சாமான் எடுக்கக் கொட்டகைக்குள் வந்தபோது மாமி என் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மீட்டரை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்திருந்தாள். ஊரூர் அக்கா ஒரு போர்டைக் கொண்டுவந்து, பழைய வழக்கப்படி உரிமையோடு மேஜையில் சாய்ந்துகொண்டு, கொஞ்சம் பாரேன் மாமி என்றாள். மாமி பார்த்தாள். நகத்தால் ஓரிடத்தைத் தொட்டாள். பிறகு ஒரு குன்றிமணியை எடுத்து அக்காவிடம் நீட்டி, ஜன்னல் மேடைப் பலகையைக் காட்டினாள்.

அக்கா மேஜையிலிருந்து நிமிர்ந்தாள். “இன்னா மாமி இது? நம்ம பழக்கம் இன்னா ஆச்சு?”

“பழக்கம் மத்தியானம், சாப்பிடறச்சே” என்றாள் மாமி. “அந்த டிரான்சிஸ்டரோட மூணாவது கால் கிட்ட பொய்ப்பல் இருக்கு. சரி பண்ணிண்டு வாங்கோ.”

அக்கா குன்றிமணியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தச் சிவப்பைக் கொண்டுவந்தவன் நான் இல்லை என்பது போல நான் சைக்கிள் சாவியைத் தேடினேன்.